இரண்டு தடவை செலுத்தப்பட்டது

டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழாக்கித் தாயிடம் கேட்டான் றஞ்சித். தாய் சொன்னதை ஆங்கிலமாக்கி டொக்டரிடம் சொன்னான். இருவருக்கும் நடுவே கட்டிலில் அவனுடைய தகப்பன் செபநாயகம் வாய் திறந்தபடி கிடந்தார். நெற்றி வியர்வை இன்னும் காயவில்லை. மணிக்கட்டில் குத்தியிருந்த ஊசி வழியாகக் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

டொக்டர் தெற்கிலிருந்து வந்த பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதுக்கு மேல் இராது. "நோகுதா", "மூச்சு எடுங்க" என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் ஓடவில்லை. தாய் அற்புதராணிக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆங்கிலம் படிப்பிக்கிற மகன் பக்கத்தில் நின்றது ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

"காலமை இன்சுலின் போட்டதோ எண்டு கேக்கிறா."

"போட்டனான் தானே. ஏழுக்குக் கால் மணி இருக்கேக்கை. இருபது யூனிற். நெடுகப் போடுற அளவுதான்."

மொழிபெயர்க்கத் திறந்த வாய் அப்படியே நின்றது. அன்று காலை ஆறு பத்துக்கு, ரியூசனுக்குப் புறப்படுவதற்கு முன், அதே இருபது யூனிற்றை அதே வயிற்றில் அவனும் போட்டிருந்தான்.

டொக்டர் பேனையோடு காத்திருந்தார்.

சொல்லாமல் விட முடியாது என்பது அவனுக்குத் தெரிந்தது. எவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கிறதென்று தெரியாமல் இவர்கள் எப்படி வைத்தியம் பார்ப்பார்கள்? ஆனால் 'நான்' என்று தொடங்கினால் டொக்டர் நிமிர்ந்து அவனைப் பார்ப்பார். அந்தப் பார்வையை அம்மா பார்ப்பாள். பாஷை தெரியாதவளுக்கும் பார்வை விளங்கும். காலையிலிருந்து அவன் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த வசன அமைப்பு அவனைக் கேட்காமலே நாக்கில் வந்து நின்றது.

"இன்சுலின் வோஸ் கிவின் ட்வைஸ்," என்றான். இன்சுலின் இரண்டு தடவை கொடுக்கப்பட்டது.

டொக்டரின் பேனை நின்றது. "பை ஹூம்?"

யாரால்?

"பை மிஸ்டேக்," என்றான் றஞ்சித். தவறுதலால்.

டொக்டர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து விரைவாக எழுதினார். நேர்ஸைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இன்னொரு குளுக்கோஸ் போத்தல் வந்தது.

"என்னவாம்?" என்றாள் அற்புதராணி. "என்ன சொன்னனீ?"

"ஊசி போட்ட நேரத்தைக் கேட்டவா. சொன்னனான்."

நான்கு நாட்களுக்குப் பிறகு தாயும் மகனும் நேருக்கு நேர் கதைத்தது அதுதான்.

மாலைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு அவன் விண்ணப்பித்திருந்தான். செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உன்ரை அப்பாவை ஆர் பாக்கிறது? நான் ஒருத்தியே?" என்று கேட்டாள். அவனும் ஏதோ சொன்னான். அதன் பிறகு வீட்டில் இரண்டு பேரும் அப்பா ஊடாகத்தான் கதைத்தார்கள். 'அவனைச் சாப்பிடச் சொல்லுங்கோ.' 'நான் வெளியிலை சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ.' கேட்டதைப் பாதி வழியில் மறந்துவிடுகிற எழுபது வயது மனிதனைத்தான் நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

இன்று காலை அம்மா பூசைக்குப் போயிருந்தாள். ஆறு மணியாகியும் வரவில்லை. செபநாயகம் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "பசிக்குதடா. ஊசி போடாமல் அவள் தின்னத் தரமாட்டாள். நீ போட்டுவிடு," என்றார். றஞ்சித் போட்டான். அது அவனுக்குத் தெரியாத வேலை அல்ல. போட்டால் சுவரில் தொங்குகிற கலண்டரில் அன்றைய திகதிக்கு மேல் ஒரு கோடு கீறிவிட வேண்டும். அது அம்மா வைத்த ஒழுங்கு. கலண்டருக்குப் பக்கத்தில் நூலில் கட்டியிருந்த பேனையைக் காணவில்லை. தன்னுடைய பேனை பையின் அடியில் கொப்பிகளுக்குக் கீழே கிடந்தது. வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அம்மா வந்தால் சொல்லுங்கோ, றஞ்சித் போட்டவன் எண்டு."

"ஓமோம்."

தேவாலயச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அம்மாவுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தான். ஒரு நிமிடம் வேண்டியிராது. ஆனால் முதலில் கூப்பிடுகிறவன் தோற்றவன் என்கிற மாதிரி ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் இருந்தது. போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றைய பாடம் செயப்பாட்டுவினை. தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பிள்ளைகள், பதினோராம் வகுப்பு.

"செய்தவரைப் பின்னுக்கு விடு. செய்யப்பட்டதை முன்னுக்குக் கொண்டுவா. நடுவிலை காலத்துக்கு ஏத்த மாதிரி இஸ், வோஸ், ஹாஸ் பீன், ஏதாவது ஒண்டு. பிறகு வினையின்ரை மூண்டாம் வடிவம். செய்தவர் வேணுமெண்டால் கடைசியிலை பை போட்டு எழுது."

"வேண்டாமெண்டால் சேர்?" முன் வாங்கில் இருந்த லவீனா கேட்டாள்.

"விட்டிடலாம். வசனம் பிழைக்காது."

"எப்ப விடலாம்?"

"ஆரெண்டு தெரியாட்டி. இல்லாட்டி, ஆரெண்டது முக்கியமில்லாட்டி."

"தெரிஞ்சும் சொல்ல விருப்பமில்லாட்டி?"

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். "அதுக்கும் விடலாம். பேப்பர்காரர் அப்பிடித்தானே எழுதுறவை," என்றான். ஒன்பதரைக்கு, அப்பா மயங்கிக் கிடக்கிறார் என்று பக்கத்து வீட்டுக் கிறகோரியின் அழைப்பு வந்தபோது கரும்பலகையில் ஏழு வசனங்கள் இருந்தன. ஒன்றிலும் செய்தவர் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் செபநாயகம் இன்னும் கண் திறக்கவில்லை. குருநகரில் அவரை 'மிசின் செபம்' என்பார்கள். படகு எஞ்சின் திருத்துகிறவர். கரைக்கு வருகிற எஞ்சினின் சத்தத்தை வைத்தே, "உது பிலேந்திரனின்ரை, பிளக் தேய்ஞ்சு போச்சு," என்று வீட்டுக்குள் இருந்து சொல்லுவார். ஞாபகம் பிசகத் தொடங்கிய பிறகும் அந்தக் காது பிசகவில்லை. இப்போது அவருடைய மூச்சு தண்ணீர் ஏறிய எஞ்சின் போல் இழுத்து இழுத்து நின்றது. றஞ்சித் அவர் காதுக்குள், "அப்பா, நான்தான்," என்றான்.

அற்புதராணி கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, கேட்க ஆளில்லாவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஊசியோடை வரவே சேட்டைத் தூக்கி வயித்தைக் காட்டினவர். சின்னப்பிள்ளை மாதிரி. பிறகு பாதிப் புட்டுத்தான் திண்டவர். மிச்சத்தையும் வாயிலை தீத்திப்போட்டுப் போயிருக்கோணும். நான் மீன்காரன் போயிடுவான் எண்டு ஓடினன்."

சேட்டைத் தூக்கிக் காட்டினவர் என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் றஞ்சித் வேறு பக்கம் பார்த்தான்.

பின்னேரம் நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூச்சு இழுத்தது, திரும்பி வரவில்லை. திரையை இழுத்து மூடினார்கள். அந்த இளம் டொக்டர் றஞ்சித்தை வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: உடலை உடனே தர முடியாது. நாளை காலை மரண விசாரணை அதிகாரி வருவார். கொடுத்த மருந்தில் ஒரு பிழை நடந்திருப்பதாகக் குறிப்பில் இருக்கிறதல்லவா, அதனால். அது வழக்கமான நடைமுறைதான்.

"குறிப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

"நீங்கள் சொன்னதைத்தான்."

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் கதிரைகள் போட்டாயிற்று. கிறகோரி ஓட்டோவை ஓரமாக விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பந்தலுக்குத் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் அம்மாவைச் சுற்றி இருந்து செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். றஞ்சித் ஒருவர் முகத்தையும் பாராமல் உள்ளே போய்க் கலண்டருக்கு முன்னால் நின்றான். அன்றைய திகதிக்கு மேல் ஒரேயொரு கோடு. அம்மாவின் கை கீறுகிற மாதிரிச் சற்றுச் சரிந்த கோடு.

அவள் பூசையால் வந்ததும் இதைத்தான் பார்த்திருப்பாள். கட்டம் வெறுமையாக இருந்திருக்கும். அதனால் போட்டாள். போட்டபின் எங்கோ விழுந்திருந்த பேனையைத் தேடி எடுத்துக் கீறியும் இருக்கிறாள்.

இந்த வீட்டில் உள்ள சாட்சி இவ்வளவுதான் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு கோடு, ஒரு ஊசி. மற்றதை அறிந்த மனிதர் போய்விட்டார். நாளைக்கு ஆஸ்பத்திரிக் குறிப்பைக் காட்டி யாராவது கேட்டால், எனக்கு விளங்கவில்லை, நான் பதற்றத்தில் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். வாசலில் ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் மெதுவாகிப் பிறகு போனது. அது வேறு வேலையாகப் போகிறது என்பது தெரிந்தும் அது போய்ச் சத்தம் அடங்கும்வரை அவன் காது கொடுத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பிரேத அறைக்கு முன்னாலிருந்த விறாந்தையில் இருத்தினார்கள். அவர்களுக்கு முன் இரண்டு குடும்பங்கள். அற்புதராணி கறுப்புக் கரை வைத்த வெள்ளைச் சேலையில், மடியில் கடதாசிப் பையோடு நேராக இருந்தாள்.

கடைசியாக அவளோடு இப்படி ஒரு விறாந்தையில் இருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவின் தம்பி அடைக்கலநாதனைப் பற்றிய படிவமொன்று நிரப்பப் போயிருந்தார்கள். இராணுவச் சுற்றிவளைப்பில் போன மனிதன். அவரைக் கொண்டுபோனபோது றஞ்சித் கைக்குழந்தை. படிவத்தில் அவன் 'காணாமல் போனவர்' என்று எழுதியதைக் கண்டதும் அற்புதராணி தாளை இழுத்துப் பிடித்தாள். "வெட்டு. அவன் தானாப் போகேல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டு எழுது. செய்தவன் ஒருத்தன் இருக்கிறான் எண்டு வாசிக்கிறவனுக்குத் தெரியோணும்." எட்டாம் வகுப்போடு நின்றவள். அன்றைக்கு அவனுக்கு அதிசயமாக இருந்தது. இன்றைக்கு அந்த ஞாபகமே வேண்டாம் போலிருந்தது.

"செபநாயகம் குடும்பம்."

மரண விசாரணை அதிகாரி கேதீஸ்வரன் நரைத்த மீசைக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மேசையின் ஓரத்தில் ஒரு பொலிஸ்காரர் பதிவுப் புத்தகத்தோடு இருந்தார். அதிகாரி குரலை உயர்த்தாமல் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டார். ஆஸ்பத்திரிக் குறிப்பைப் புரட்டியபோது கண்ணாடி கீழே இறங்கியது.

"அம்மா, ஆர் அவருக்கு ஊசி போடுறது?"

"நான்தான் ஐயா. ஆறு வருசமா."

"நேற்று?"

"நேற்றும் நான்தான்."

"இதிலை இரண்டு தடவை செலுத்தப்பட்டது எண்டு எழுதியிருக்கு."

அற்புதராணிக்கு அது விளங்கவில்லை. "என்ன ஐயா?"

"காலமை ரெண்டு தரம் ஊசி போட்டிருக்கு எண்டு டொக்டர் எழுதியிருக்கிறா. தவறுதலா."

"இல்லை ஐயா. ஒருக்காத்தான் போட்டனான். கலண்டரிலை கீறியிருக்கு. ஒரு கீறுதான் இருக்கும். ஆரையும் விட்டுப் பாருங்கோ."

"ரத்தத்திலை சீனி இருந்த அளவைப் பாத்தாலும் அப்பிடித்தான் தெரியுது அம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை."

அவர் அதட்டவில்லை. அதுதான் கெட்டது. அதட்டியிருந்தால் அவள் எதிர்த்துக் கதைத்திருப்பாள். அந்த மெதுவான குரலுக்குக் கட்டுப்பட்டு அவள் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினாள். கண்கள் மேசையில் நிலைத்தன. விரல்கள் அசைந்தன. போத்தலைத் திறக்கிறாள், ஊசியில் இழுக்கிறாள், விரலால் தட்டிக் காற்றை எடுக்கிறாள்.

"பூசையாலை வந்தனான். உடுப்பு மாத்தேல்லை. ஊசி போட்டனான்." நிறுத்தினாள். "பிறகு புட்டு அவிச்சனான். பிறகு..." முகம் மாறியது. "பிறகு சேட்டைத் தூக்கிக் காட்டினவர். அது முதலோ, பிறகோ? ஐயா, எனக்கு இப்ப... நான் போட்டிட்டு, மறந்துபோய், திருப்பியும்..."

றஞ்சித் அவளைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அந்தாள் வாயாலை சொல்லத் தெரியாமல் தூக்கிக் காட்டினதோ? போட்டாச்சு எண்டு காட்டினதோ? ஐயோ, நானோ..."

பொலிஸ்காரர் எழுதத் தொடங்கினார்.

நேற்று அவன் 'யாரால்' என்பதற்கு வெறுமையாக விட்ட இடத்துக்குள் அம்மா தானாகவே போய் நிற்கிறாள். இன்னும் இரண்டு வசனத்தில் அவள் கையெழுத்து வைத்துவிடுவாள். அதன்பின் சாகும்வரை அதற்குள்ளேயே நிற்பாள். றஞ்சித் மேசையைப் பார்த்தான். பொலிஸ்காரரின் பேனை, அதன் நீல மூடி, மேசையில் ஒரு எறும்பு எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தன. எழுந்து நின்றானா, இருந்தபடியே சொன்னானா என்பது பிறகு அவனுக்கு ஞாபகம் இல்லை.

"நான் போட்டனான்."

அதிகாரி திரும்பினார். "என்ன தம்பி?"

"காலமை ஆறு பத்துக்கு நான் ஊசி போட்டனான். அம்மா கோயிலுக்குப் போயிருந்தவா. அவாக்குத் தெரியாது. அவா ஒருக்காத்தான் போட்டவா. மற்றது நான்."

"ஆஸ்பத்திரியிலை இதைச் சொன்னனீரோ?"

"ரெண்டு தரம் எண்டு சொன்னனான். ஆரெண்டு சொல்லேல்லை."

"ஏன்?"

"பயத்திலை."

பொலிஸ்காரர் எழுதியதை வெட்டினார். கடதாசியில் பேனை கிழிக்கிற சத்தம் கேட்டது. அற்புதராணி மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

"அப்பா கேட்டவரோ?" என்றாள். மேசையைப் பார்த்தபடிதான் கேட்டாள்.

"ஓம். பசிக்குது எண்டவர்."

"ஏன் கீறேல்லை?"

"பேனையைக் காணேல்லை."

அவள் மடியிலிருந்த கடதாசிப் பையின் வாயை மடித்தாள்.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். அவனுடைய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்தார்கள். பிரேத பரிசோதனை அறிக்கை வந்தபின் பொலிஸ் நிலையத்துக்கு ஒருமுறை வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார்கள். "விபத்தெண்டுதான் முடியும், எண்டாலும் வெளிநாடு கிளிநாடு போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போம்," என்றார் பொலிஸ்காரர். அதிகாரி எழுதியதை வாசித்துக் காட்டினார். "மேற்படி இறந்தவருக்கு அன்றைய தினம் காலை மகனால் ஒரு தடவையும், அதனை அறியாத மனைவியால் ஒரு தடவையும் இன்சுலின் செலுத்தப்பட்டுள்ளது." அந்த வசனத்தில் பிழை ஒன்றும் இல்லை. றஞ்சித் கையெழுத்து வைத்தான். தாயின் கை எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும்வரை தாள் விலகாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் படவில்லை.

உடல் வர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். வளவில் வேப்பமரத்தின் கீழ் ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. அற்புதராணி அதன் ஒரு முனையில் போய் இருந்தாள். றஞ்சித் சற்றுத் தள்ளி நின்றான். விசாரணை முடிந்துவிட்டது. இனி அவள் என்ன சொல்லுவாள், எப்போது சொல்லுவாள், சொல்லாமலே விட்டுவிடுவாளோ என்று காத்திருந்தான். கிறகோரி வந்து தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டான். இரண்டு பேரும் வேண்டாமென்று தலையசைத்தார்கள். அவன் ஓட்டோவுக்குப் போய்விட்டான்.

வெயில் வாங்கின் கால்வரை வந்தது.

அற்புதராணி மடியிலிருந்த கடதாசிப் பையைத் திறந்தாள். அப்பாவுக்கு உடுத்துவதற்காகக் காலையில் கடை திறக்கவைத்து வாங்கிய வெள்ளைச் சேட். பொலித்தீனைக் கிழித்துச் சேட்டை மடியில் விரித்துக் கொலரில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. இன்னொருமுறை இழுத்தாள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். விரல் நுனி வெள்ளைத் துணியைத் தடவித் தடவித் தவறியது.

தலை நிமிராமலே சேட்டை அவன் பக்கமாக நீட்டினாள்.

அவன் வந்து வாங்கின் மறுமுனையில் இருந்துகொண்டு அதை வாங்கிக்கொண்டான். கொலரில் இரண்டு. கைகளைப் பின்னால் மடித்து வைத்த இடத்தில் இரண்டு. மட்டைக்குள் ஒன்று. ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். முதலாவதை எங்கே போடுவதென்று தெரியாமல் விரலிடுக்கில் வைத்திருந்தான். அவள் உள்ளங்கையை விரித்து நடுவில் வைத்தாள். அவன் ஊசியை அதில் போட்டான். அடுத்ததையும் போட்டான். ஐந்தும் விழுந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் எங்கேயாவது இருக்கிறதா என்று றஞ்சித் சேட்டைத் திருப்பி, மடிப்பு மடிப்பாக, மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.